புதிய தெர்மோஸ்டாட்: சுவருக்குள் இருக்கும் வயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பழைய தெர்மோஸ்டாட்டின், அதாவது அறை வெப்பத்தைப் பார்த்து ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கும் சுவர்க் கருவியின், மூடியைக் கழற்றிப் பார்க்காமல் புதியதை வாங்கிவிடாதீர்கள். வீட்டு ஹீட்டிங்குக்குத் தெர்மோஸ்டாட் மாற்றப் போகிறேன் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: தொடுதிரை, வைஃபை, ஆப், வாரம் முழுவதுக்குமான அட்டவணை. ஆனால் அவற்றில் எது உங்கள் வீட்டில் ஒழுங்காக ஓடும் என்பதைப் பெட்டி சொல்லாது. சுவரிலிருந்து எத்தனை வயர் வருகிறது, அதில் எத்தனை வோல்ட் இருக்கிறது, மறுமுனை எதில் போய்ச் சேர்கிறது என்ற மூன்று கேள்விகள்தான் சொல்லும்.

நான் இதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். "கூடுதல் வயர் தேவையில்லை" என்று எழுதியிருந்த ஒரு வைஃபை மாடலை வாங்கி வந்து, சுவரில் இருந்த நான்கு வயரில் மாட்டினேன். உடனே வேலை செய்தது. சில வாரம் கழித்துக் குளிர் இறங்கிய ஓர் இரவில், ஃபர்னஸ் (வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் கருவி) பக்கமிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டக் டக் என்று விடாமல் தட்டும் சத்தம் கேட்டது. காலையில் எழுந்தால் தெர்மோஸ்டாட்டின் திரை இருண்டு கிடந்தது, வீடு சில்லிட்டுப் போயிருந்தது. சோதித்துப் பார்த்தபோது தெர்மோஸ்டாட்டிலும் பழுதில்லை, ஃபர்னஸிலும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போய்வரும் வழிதான் போதவில்லை.

ஏன் போதவில்லை என்று புரிந்துகொள்ளப் பழைய தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். 1953இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்ட வடிவ டி87 இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. அதற்குள் ஒரு சுருள் உலோகப் பட்டை, அதன் மேல் பாதரசம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ். அறை குளிர்ந்தால் பட்டை சுருங்கி நெளியும், குமிழ் சாயும், பாதரசம் ஓடி இரண்டு முனைகளையும் இணைக்கும். அவ்வளவுதான். அதற்கென்று தனியாக மின்சாரம் வேண்டாம், அது வெறும் சுவிட்ச். சுவிட்சுக்கு இரண்டு வயர் போதும். அதனால்தான் ஹீட்டிங் மட்டும் உள்ள பழைய வீடுகளில் இரண்டே வயர் இழுத்திருப்பார்கள்.

இன்றைய வைஃபை தெர்மோஸ்டாட் அப்படியல்ல. அது சின்னக் கம்ப்யூட்டர். திரை எரிய வேண்டும், ரேடியோ பேச வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். ஃபர்னஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 24 வோல்ட் ஏசி 'ஆர்' வயர் வழியாக வருகிறது. அது திரும்பிப் போக ஒரு பாதை வேண்டுமே, அதுதான் 'சி' வயர். காமன் என்பார்கள். பழைய சுவிட்சுக்கு இது தேவைப்படவே இல்லை, அதனால் பல வீடுகளில் இல்லை. புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது நீங்கள் எடுக்கும் முடிவில் பெரும்பகுதி, இந்த ஒரு வயர் இல்லாத குறையை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்பதுதான்.

அதற்கு முன் வோல்ட்டைச் சரிபாருங்கள். மூடியைக் கழற்றியதும் மெல்லிய வண்ண வயர்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்னத் திருகில், பக்கத்தில் ஓர் எழுத்து என்று இருந்தால் பெரும்பாலும் 24 வோல்ட். மாறாக, தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்கள், பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கியபடி பெட்டிக்குள் இருந்தால் அது 120 அல்லது 240 வோல்ட் மெயின் மின்சாரம். சுவரோரம் தரையையொட்டி வைக்கும் மின் ஹீட்டர்களுக்கு இப்படித்தான் வயர் போகும். அங்கே 24 வோல்ட் மாடலை மாட்டினால் அது கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். இதற்கென்றே செய்த லைன் வோல்டேஜ் தெர்மோஸ்டாட்தான் வேண்டும்.

அதிலும் ஒரு தேர்வு உண்டு. இரண்டு வயர் கொண்ட சிங்கிள் போல் ஒரு லைனை மட்டும் துண்டிக்கும். நான்கு வயர் கொண்ட டபுள் போல் இரண்டு லைனையும் துண்டிக்கும். 240 வோல்ட் ஹீட்டரில் இரண்டு வயரிலுமே மின்சாரம் இருக்கும் என்பதால், சிங்கிள் போல் தெர்மோஸ்டாட்டை அணைத்த பிறகும் ஹீட்டரில் ஒரு வயரில் மின்சாரம் நிற்கும். என் கருத்தில் மாற்றுவது என்று இறங்கிவிட்டால் டபுள் போலே நல்லது, பெட்டியில் அதற்கான வயர்கள் இருந்தால். வைஃபை உள்ள லைன் வோல்டேஜ் மாடல்கள் சில நான்கு வயர் இல்லாமல் ஓடவே ஓடாது, அதை வாங்கும் முன் பாருங்கள். தாங்கும் அளவையும் கணக்குப் போடுங்கள்: 16 ஆம்பியர் மாடல் 240 வோல்ட்டில் 3840 வாட் வரைதான். ஓர் அறையில் மூன்று ஹீட்டர் ஒரே தெர்மோஸ்டாட்டில் ஓடினால் மூன்றின் வாட்டையும் கூட்டி, எல்லைக்குக் கீழே நிறைய இடம் விட்டு வாங்க வேண்டும். இந்த வகையில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது சரியான தயக்கம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, பலருக்கும் தெரியாது. சுவரில் பதித்த சில எரிவாயு ஹீட்டர்களும் எரிவாயுக் கணப்புகளும் வெளி மின்சாரமே இல்லாமல் ஓடும். எப்போதும் எரியும் சின்னப் பைலட் சுடர், சூட்டை மின்சாரமாக்கும் தெர்மோபைல் என்ற பாகத்தைச் சூடாக்கி ஏறக்குறைய 750 மில்லிவோல்ட் உண்டாக்கும், அதாவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதில் இயங்கும் எரிவாயு வால்வில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் வால்வு கெட்டுவிடும். இங்கே ஒப்பிட ஒன்றுமில்லை, மில்லிவோல்ட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பேட்டரி மாடல் ஒன்றை வாங்குங்கள், கதை முடிந்தது.

சரி, உங்களுடையது 24 வோல்ட் என்று தெரிந்துவிட்டது. எழுத்துகளைப் படியுங்கள். 'ஆர்' மின்சாரம் வரும் வயர். 'டபிள்யூ' ஹீட்டிங். 'ஒய்' கூலிங் கம்ப்ரசர். 'ஜி' ஃபேன். 'சி' காமன். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஆருக்கு, வெள்ளை டபிள்யூவுக்கு என்பது வழக்கம்தான், சட்டமல்ல. கையில் கிடைத்த வயரை எடுத்து மாட்டிப்போன வீடுகள் ஏராளம். எந்த எழுத்தின் கீழ் எந்த வயர் என்பதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வழிகளுக்கு வருவோம். புதிய மாடலைப் பற்றி யோசிக்கும் முன் சுவர்த் துளைக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சில வீடுகளில் ஐந்து வயர் உள்ள கேபிளை இழுத்து, நான்கை மட்டும் மாட்டி, ஐந்தாவதை மடித்து உள்ளே செருகியிருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இந்தப் பக்கம் மட்டும் 'சி'யில் மாட்டினால் போதாது, ஃபர்னஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் போர்டிலும் அதே வயரை 'சி' திருகில் மாட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுப் புதிய தெர்மோஸ்டாட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அப்படி உபரி வயர் இல்லையென்றால் புதிய கேபிள் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன். 18 கேஜ் தடிமன், ஐந்து வயர் அல்லது எட்டு வயர் கேபிள். பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி மறுபக்கமிருந்து இழுத்தால் வந்துவிடும், பழையது சுவருக்குள் எங்கும் ஆணியடித்துப் பிடிக்கப்படாமல் இருந்தால். பிடித்திருந்தால் நகரவே நகராது, பலம் போட்டு இழுத்தால் நடுவில் அறுந்து இரண்டுமே போய்விடும். தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே ஃபர்னஸ் அறை இருக்கும் வீடுகளில் இது அரை நாள் வேலை. இரண்டு மாடி தள்ளி இருந்தால் சுவரை உடைக்கும் வேலை. முடிகிற இடத்தில் இதைச் செய்துவிடுங்கள், எட்டு வயராகவே இழுங்கள். நாளைக்கு ஹீட் பம்ப் (சூடேற்றவும் குளிரூட்டவும் ஒரே கருவி) போட்டாலும் வயர் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்காது.

இழுக்க முடியாத வீட்டில், ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்று நான்கு வயர் இருந்தால் அடுத்த நல்ல வழி அடாப்டர் கிட். ஃபர்னஸ் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார்கள். ஒய், ஜி இரண்டு கட்டளைகளையும் ஒரே வயரில் அனுப்பி, அந்தப் பெட்டியில் பிரித்துக்கொள்ளும். மிச்சமான வயர் 'சி' ஆகிவிடும். எந்த வசதியையும் இழக்க வேண்டாம். நான் கடைசியில் என் வீட்டில் செய்தது இதுதான், அதற்குப் பிறகு அந்த டக் டக் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரே எச்சரிக்கை, சில கிட்கள் அந்தந்தத் தெர்மோஸ்டாட்டோடு மட்டுமே சேரும். சில ஹீட் பம்புக்கு ஆகாது. ஆகவே தெர்மோஸ்டாட்டையும் கிட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

காசு செலவழிக்காமல் 'ஜி' வயரையே 'சி' ஆக மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டு முனையிலும் ஜியிலிருந்து எடுத்துச் சியில் மாட்டி, ஃபர்னஸ் போர்டில் ஒய்க்கும் ஜிக்கும் ஒரு துண்டு வயர் போட்டால் கூலிங் ஓடும்போது ஃபேனும் ஓடும். எரிவாயு ஃபர்னஸ் ஹீட்டிங்கின்போது ஃபேனைத் தானே இயக்கிக்கொள்ளும். நீங்கள் இழப்பது, வெறும் ஃபேனை மட்டும் ஓட விடும் வசதி. அதைப் பயன்படுத்தாதவர்களுக்கு இது நல்ல வழி. மின் ஃபர்னஸ் என்றால் கவனம்: சிலவற்றில் ஹீட்டிங்கின்போது ஃபேனை இயக்கும் கட்டளையே தெர்மோஸ்டாட்டிலிருந்து ஜி வழியாகத்தான் போகிறது. அங்கே ஜியை எடுத்தால் சூடேற்றும் சுருள் காற்றில்லாமல் கொதிக்கும். அங்கே இந்த வழியைத் தொடாதீர்கள்.

பிளக்கில் செருகும் தனி 24 வோல்ட் அடாப்டர் பலருக்கும் எளிதாகத் தெரிகிறது. சுவரில் வயர் தொங்குவது ஒரு குறை, ஆனால் பெரிய குறை அதுவல்ல. இப்போது தெர்மோஸ்டாட்டில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் வந்து சேர்கின்றன, ஃபர்னஸில் ஒன்று, பிளக்கில் ஒன்று. இரண்டும் கலந்துவிடக் கூடாது. 'ஆர்ஹெச்', 'ஆர்சி' என்று மின்சார நுழைவு இரண்டாகப் பிரிந்து, நடுவில் உள்ள இணைப்பை எடுத்துவிடக்கூடிய மாடலில் மட்டுமே இதைச் செய்யலாம். ஒரே ஒரு 'ஆர்' உள்ள மாடலில் செய்தால் எங்காவது எரியும். தெளிவாகப் புரிந்தவர்கள் தவிர மற்றவர்கள் விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், நான் சூடுபட்ட வழி. சி வயர் இல்லாமலே ஓடும் என்று விற்கும் மாடல்கள் மின்சாரத்தைத் திருடி ஓடுகின்றன, பவர் ஸ்டீலிங் என்றுதான் அதற்குப் பெயர். ஹீட்டிங் அணைந்திருக்கும்போது டபிள்யூ வயர் வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு உள்ளே இருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். மறுமுனையில் பழைய காலத்து ரிலேச் சுருள் இருந்தால் அந்தக் கசிவு ஒன்றும் செய்யாது. எலக்ட்ரானிக் போர்டு இருந்தால், "ஹீட்டிங் வேண்டும்" என்ற கட்டளையாகவே அதை எடுத்துக்கொள்ளலாம். ரிலே தட்டும், ஃபர்னஸ் காரணமில்லாமல் கிளம்பி அணையும். குளிர் கடுமையாக இருந்து ஹீட்டிங் நீண்ட நேரம் ஓடும்போது இன்னொரு சிக்கல்: சுவிட்ச் மூடியிருப்பதால் அதன் இரு முனைக்கும் இடையே வோல்ட்டே இல்லை, சார்ஜ் ஏற வழியும் குறைகிறது. மிகவும் தேவைப்படும் நாளில் திரை இருளும். பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடுவதும் உண்மை. இருந்தாலும் உங்கள் வீடு அதில் சேருமா என்று மாட்டிய அன்று தெரியாது, அதனால் இதை என் பட்டியலில் கடைசியில் வைக்கிறேன்.

எதையும் இழுக்க வேண்டாம், வாடகை வீடு என்பவர்களுக்கு ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரணப் புரோகிராமபிள் மாடலே போதும் என்று மனதாரச் சொல்வேன். இரண்டு வயரில் ஓடும், பெரும்பாலும் ஓராண்டு தாங்கும். அட்டவணை போடலாம், இரவில் தானாக வெப்பத்தைக் குறைக்கும். ஃபர்னஸின் மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை என்பதால் கசிவுப் பிரச்சினையும் இல்லை. குளிர்காலம் தொடங்கும் முன் பேட்டரியை மாற்றுவதை மட்டும் விடாமல் செய்யுங்கள். ஆளில்லாத வீட்டில் பேட்டரி தீர்ந்தால் ஹீட்டிங் நின்று, குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். நீண்ட நாள் பூட்டிவைக்கும் வீட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சுடுநீர் பாய்லரும் ரேடியேட்டரும் உள்ள வீடுகளின் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் இரண்டே வயர்தான் இருக்கும், நான்கு வயர் கிட்டுக்கு இடமே இல்லை. பாய்லர் பக்கத்தில் ரிசீவர் ஒன்றை மாட்டி, அறையில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டை வைப்பது இங்கே நல்ல வழி. சுவர் வயரே வேண்டாம், சரியான இடத்தில் வைக்கலாம். பாய்லரில் ஓப்பன்தெர்ம் வசதி இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். 1996இல் தொடங்கிய இந்த முறையில் தெர்மோஸ்டாட் வெறுமனே போடு, அணை என்று சொல்வதில்லை; எத்தனை டிகிரித் தண்ணீர் வேண்டும் என்றே பாய்லரிடம் கேட்கிறது. இளஞ்சூட்டில் நீண்ட நேரம் ஓடுவதால் அறை ஒரே சீராக இருக்கும். அதுவும் இரண்டே வயரில், எந்த வயர் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு திருகில் தவறுதலாக 230 வோல்ட் வயரை மாட்டிவிட்டால் பாய்லர் போர்டு போய்விடும். பழைய தெர்மோஸ்டாட் 230 வோல்ட்டை நேரடியாக அணைத்துப் போடும் வகையா, வெறும் சுவிட்ச் வகையா என்று அளந்து பார்க்காமல் தொட வேண்டாம்.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் ஓர் எழுத்தில் உயிரைக் கொடுத்துக் கவனிக்க வேண்டும். 'ஓ', 'பி' இரண்டும், சூடேற்றுவதா குளிரூட்டுவதா என்று திசை மாற்றும் வால்வுக்கானவை. ஓ என்றால் கூலிங்கில் வால்வுக்கு மின்சாரம் போகும், பி என்றால் ஹீட்டிங்கில். பெரும்பாலான நிறுவனங்கள் ஓவைப் பயன்படுத்துகின்றன, ரீம் போன்ற நிறுவனங்கள் பியை. புதிய தெர்மோஸ்டாட்டில் இந்த அமைப்பைத் தப்பாகப் போட்டால் சூடு கேட்கும்போது குளிர் வரும், அதைத் திருத்திவிடலாம். ஆனால் ட்ரேன் நிறுவனத்தின் பல ஹீட் பம்ப்களில் 'பி' என்று எழுதிய வயர் திசை வால்வுக்கானதே அல்ல, அது காமன். அதை எழுத்தைப் பார்த்து ஓ/பி திருகில் மாட்டினால் ஷார்ட் ஆகும். வெளியலகின் வரைபடத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

வைஃபை வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஒரு சொல். ஆப்பில் இயங்கும் தெர்மோஸ்டாட்டின் ஆயுள் நிறுவனத்தின் கையிலும் இருக்கிறது. 2011இல் வந்த முதல் தலைமுறை நெஸ்ட் வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கும் அடுத்த தலைமுறைக்கும் கூகுள் 2025 அக்டோபர் 25 அன்று ஆதரவை நிறுத்திக்கொண்டது. சுவரில் அவை இன்னும் வேலை செய்கின்றன, ஆப் வழியாக இயக்க முடியாது. டி87 அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடுகிறது. வெளியூரிலிருந்து வீட்டு வெப்பத்தைப் பார்க்க வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால் வைஃபை வாங்குங்கள், அது பெரிய நிம்மதி. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் தூங்குகிற வீட்டுக்கு அட்டவணை மாடலே எல்லாம் செய்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டும் முன் பிரேக்கரை அணையுங்கள், தெர்மோஸ்டாட்டை அணைத்தால் போதாது. நான் ஒருமுறை அணைக்காமல் விட்டு, ஆர் வயர் சி திருகில் உரசியது. போர்டில் இருந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போனது. பல போர்டுகளில் கார் ஃபியூஸ் போலவே 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும், இல்லாத பழைய அமைப்பில் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். மாட்டி முடித்துப் பிரேக்கரைப் போட்ட பிறகு மல்டிமீட்டரில் ஆருக்கும் சிக்கும் இடையே ஏறக்குறைய 24 வோல்ட் காட்ட வேண்டும், 27, 28 வந்தாலும் தப்பில்லை.

அமைப்பு மெனுவில் ஹீட்டிங் வகையைக் கேட்கும். அதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கிளம்ப வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது: மின் ஹீட்டிங்குக்கு 9, சாதாரண எரிவாயு ஃபர்னஸுக்கு 5 அல்லது 6, சுடுநீருக்கு 3, நீராவிக்கு 1 என்பது வழக்கமான அளவு. நீராவி பாய்லரை ஃபர்னஸ் என்று சொல்லிவிட்டால் அது சூடேறும் முன்பே அணைந்து அணைந்து கிளம்பும். பழைய தெர்மோஸ்டாட்டில் இதே வேலையை ஆன்டிசிப்பேட்டர் என்ற சின்னச் சுருள் செய்தது.

வயர் வரும் சுவர்த் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று நேராகச் சென்சாரில் படும். கழற்றிய பாதரச மாடலைக் குப்பையில் போடாதீர்கள், ஒரு குமிழில் ஏறக்குறைய 3 கிராம் பாதரசம் இருக்கும். குமிழ் உடையாமல் மூடியுள்ள டப்பாவில் வைத்து அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். புதிய வயர் எது எந்தத் திருகில் என்று ஒரு தாளில் எழுதி, ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பது நீங்களாக இருக்க வேண்டியதில்லை.